நூறா, எழுபத்தைந்தா

சனிக்கிழமை மத்தியானம் தயிர்சாதம் சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்த வளர்மதி, ஷெட்டின் பெஞ்சு மேல் மூன்று சின்ன டப்பாக்களை எடுத்து வைத்தாள். ஐம்பது, எழுபத்தைந்து, நூறு. ஒவ்வொன்றிலும் பித்தளை ஜெட்டுகள், உளுந்தம்பருப்பை விடச் சற்றுப் பெரிசு, நடுவில் ஊசி நுழைகிற அளவுக்கு ஓட்டை. அந்த ஓட்டை எவ்வளவு பெரிசோ அவ்வளவு நைட்ரஸ் கேஸ் எஞ்சினுக்குள் போகும். நைட்ரஸ் தானாக எரியாது. எரிகிற நெருப்புக்குத் தீனி போடும், அவ்வளவுதான். அதற்குத் தக்கபடி பெட்ரோலும் கூடப் போக வேண்டும். பெட்ரோல் கொஞ்சம் குறைந்தாலும் நெருப்புக்குப் பசி அடங்காமல் பிஸ்டனையே தின்ன ஆரம்பிக்கும். டப்பா மேல் எழுதியிருப்பது எத்தனை குதிரைச் சக்தி கூடும் என்கிற கணக்கு. ஐம்பது குதிரை என்று சொல்லும்போதெல்லாம் அவளுக்கு நிஜக் குதிரைகள்தான் ஞாபகம் வரும், அந்தியூர்ச் சந்தையில் ஒருதரம் பார்த்த குதிரைகள், கட்டியிருந்த முளையைச் சுற்றிச் சுற்றி மண்ணைக் குழியாக்கிக்கொண்டு நின்றவை, ஒன்றின் கண்ணில் ஈ உட்கார்ந்திருந்தது, அது இமைக்கவே இல்லை, ஏன் இமைக்கவில்லை என்று அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தாள். இதையெல்லாம் இப்போது எதற்கு நினைக்க வேண்டும். நாளைக் காலையில் பழைய விமான ஓடுதளத்தில் கால் மைல் கார்ப் பந்தயம். புருஷன் சென்னியப்பன் ஓட்டப் போகிறான். அதற்குள் இந்த மூன்றில் ஒன்றைப் பொறுக்க வேண்டும். பொறுக்குவது அவள் வேலை. கல்யாணத்துக்கு முன்னால், பம்பு கம்பெனியின் சோதனைக் கூடத்தில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்த காலத்திலேயே அது அப்படித்தான் அமைந்துவிட்டது. அவனுக்கு எஞ்சினை ஓட்டிப் பார்க்கத்தான் பிடிக்கும், அவளுக்கு அது ஓடும்போது என்ன சொல்கிறது என்று கேட்கப் பிடிக்கும். வேலையை விட்டுவிட்டுக் கணபதி ஏரியாவில் இந்த ஷெட்டைப் பிடித்தபோதும் யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. அவன் சீட்டில் போய் உட்கார்ந்தான், அவள் லேப்டாப்பைத் திறந்தாள்.

காரில் சீட்டுக்குப் பின்னால் இருந்த நைட்ரஸ் பாட்டிலைச் சுற்றியிருந்த சாக்கில் இன்னொரு செம்புத் தண்ணீர் ஊற்றினாள். குளிர்தேசத்தில் பாட்டிலுக்குக் கம்பளி சுற்றிச் சூடு போடுவார்களாம், வீடியோவில் பார்த்திருக்கிறாள். இங்கே பங்குனி வெயிலில் ஈரச் சாக்கு சுற்ற வேண்டியிருக்கிறது. சூடு ஏறினால் பாட்டிலுக்குள் அழுத்தம் ஏறும், அழுத்தம் ஏறினால் அதே ஓட்டை வழியாகவே அதிகமாகப் பீய்ச்சும், பெட்ரோல் அதே அளவில் நிற்கும், அப்புறம் பழைய கதைதான். பழைய கதை. அதை நினைக்கக் கூடாது என்று எத்தனை தரம் சொல்லிக்கொண்டாலும் மனசு செருப்பில் குத்தின முள்ளை மிதிக்கிற மாதிரி அங்கேயேதான் போய் மிதிக்கிறது. போன வருஷம் போட்டிருந்தது ஒற்றை நாசில். கேஸும் பெட்ரோலும் ஒரே வாயில் கலந்து, எஞ்சின் காற்றை இழுக்கிற பெரிய குழாயின் முகப்பிலேயே தெளிக்கும். எளிமையானது, எல்லோரும் போடுவது. ஆனால் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது திறந்துவிட்டால் பெட்ரோல் முழுக்க உள்ளே போகாது, குழாயின் வளைவில் குட்டையாகத் தேங்கும். அன்றைக்குத் தேங்கியது. கியர் மாற்றினபோது நெருப்பு பின்வாங்கி அந்தக் குட்டைக்கு வந்தது. அவள் ஓட்டம் முடிகிற கோட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். முதலில் வெள்ளைக் கார் வந்துகொண்டிருந்தது, அப்புறம் அதன் பானெட் எழுந்து கண்ணாடியை மூடிக்கொண்டது, கதவு மூடுகிற மாதிரி அவ்வளவு சாதாரணமாக. அதற்கு அப்புறம்தான் சத்தம் வந்தது. எதிரே ஒன்றும் தெரியாமல் சென்னியப்பன் பிரேக் போட்டுக்கொண்டே வந்தான், கார் கோணிக்கொண்டே வந்தது, அவளையும் தாண்டிப் போய்ப் புல்லில் நின்றது. அவன் இறங்கி வந்து முதலில் கேட்டது, "டைம் என்ன?" புருவத்தில் நாலு தையல். அந்தத் தழும்பில் இன்னும் முடி முளைக்கவில்லை. அவன் ஷேவ் செய்யும்போது கண்ணாடியில் அதைப் பார்த்துச் சிரிப்பான். அவள் பார்ப்பதில்லை.

அதனால்தான் இந்தத் தரம் எந்தச் சிஸ்டம் போடுவது என்று மழைக்காலம் பூராவும் பேச்சு. கேஸை மட்டும் விட்டுவிட்டுப் பெட்ரோலை எஞ்சினின் சொந்த இன்ஜெக்டரே கூட்டிக்கொள்ளட்டும் என்பது ஒரு வழி. அதில் தேங்குகிற பேச்சே இல்லை, ஆனால் இன்ஜெக்டர் அதற்கு மேல் கொடுக்க முடியாத ஒரு எல்லை இருக்கிறது. அந்த எல்லைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருக்க அவளுக்கு மனசில்லை. "பழசே இருக்கட்டும், ஆர்பிஎம் ஸ்விட்ச் ஒண்ணு போட்டுக்கலாம், மெதுவாச் சுத்தறப்ப திறக்காது" என்றான் அவன். கடைசியில் நாலு சிலிண்டருக்கும் நாலு தனி நாசில், ஒவ்வொன்றும் அதனதன் வாய்க்குப் பக்கத்திலேயே. தேங்குவதற்கு இடமே கிடையாது. ஸ்விட்சும் போட்டாயிற்று. துளை போட்டு மரை வெட்டி நாலையும் ஒரே கோணத்தில் உட்கார வைக்க ஒரு வாரம் போனது. அந்த வாரம் முழுக்க அவர்கள் சண்டையே போடவில்லை. ஒரு சாயங்காலம் நீச்சல் வகுப்பிலிருந்து கூட்டிவரும்போது மகள், "ரெண்டு பேரும் ஏன் நல்லா இருக்கீங்க?" என்று சந்தேகமாகக் கேட்டாள். அலுமினியத் தூள் வளர்மதியின் ரவிக்கைக் கையிலெல்லாம் மினுங்கியது. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. அப்புறம் ஏன் மூன்று டப்பாக்களையும் இன்னும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

"ஆரம்பிக்கலாமா கண்ணு?" சென்னியப்பன் காருக்குள்ளிருந்து கேட்டான். கார் உருளைகளின் மேல் நின்றது, நாலு பக்கமும் பட்டை போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. இந்த டைனோ மேல் ஏற்றிவிட்டால் கார் எவ்வளவு வேகமாக ஓடினாலும் நின்ற இடத்திலேயேதான் நிற்கும், உருளைதான் சுற்றும், எவ்வளவு சக்தி வருகிறது என்று லேப்டாப்பில் கோடு ஏறும். கன்றுக்குட்டி முட்டுகிறதைப் பார்க்கிற மாதிரி இருக்கும் அவளுக்கு. வளர்மதி ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அதன் வயர் ஒரு செம்புக் குழாயில் முடியும், குழாய் எஞ்சின் உடம்பில் ஒரு போல்ட்டில் இறுக்கியிருக்கும். டாக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்பாரே, அதேதான். உள்ளே நெருப்பு சீராக எரிந்தால் ஒரு முரட்டு உறுமல் மட்டும் கேட்கும். நேரம் தப்பி வெடித்தால் அந்த உறுமலுக்கு மேலே கடுகு வெடிக்கிற மாதிரி ஒரு சின்னப் படபடப்பு. தட்டுது என்பார்கள். கம்ப்யூட்டரிலும் அதற்கு ஒரு சென்சார் இருக்கிறது. ஆனால் சென்சார் சொல்வதற்கு முன்னாலேயே காது சொல்லிவிடும். வளர்மதியின் காதைப் பற்றி ரேஸ் ஓட்டுகிறவர்கள் நடுவில் ஒரு பேச்சே உண்டு. அந்தப் பேச்சு அவளுக்குப் பிடிக்கும், பிடிக்கும் என்பதை வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள்.

முதலில் கேஸ் இல்லாமல் ஒரு ஓட்டம். கோடு அழகாக ஏறி இறங்கியது. அப்புறம் ஐம்பது. நாலு நாசிலிலும் சின்ன ஜெட்டை முடுக்கி, தீப்பொறி விழுகிற நேரத்தை இரண்டு டிகிரி பின்னால் தள்ளி, பாட்டிலைத் திறந்தாள். பாட்டில் வாயில் கை பட்டதும் குளிர் எலும்பு வரைக்கும் போனது. இதே கேஸ்தான் பிரசவத்தின்போது மூக்கில் வைத்தது. நர்ஸம்மா ரப்பர் மூடியை முகத்தில் அழுத்தி, வலி வரப்போகிறது என்று தெரிந்ததும் இழு, வந்தப்புறம் இழுத்தால் பிரயோஜனமில்லை என்று சொன்னாள். அந்த நிலைமையிலும் வளர்மதி, "இதுல எவ்வளவு சதவீதம் சிஸ்டர்?" என்று கேட்டாள். நர்ஸம்மா பதில் சொல்வதற்குள் வலி வந்துவிட்டது, வளர்மதி இழுத்தாள், விட்டம் அருகில் வந்தது, வலி அங்கேயேதான் இருந்தது ஆனால் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது, பக்கத்து வீட்டில் ஓடுகிற டிவி மாதிரி. சிரித்தாளாம். வராந்தாவில் இருந்த சென்னியப்பனுக்கு அந்தச் சிரிப்பு கேட்டு, என்னமோ ஆகிவிட்டது என்று மாமியாரிடம் அழுதானாம். வலிக்கு முன்னாலேயே இழுக்க வேண்டும். வருவதற்கு முன்னால் எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. "ஓட்டுங்க" என்று கையை ஆட்டினாள். எஞ்சின் ஏறியது, மூவாயிரம் சுற்றில் கேஸை விடுகிற சொலினாய்டு டொக்கென்று திறந்தது, உறுமல் ஒரு கட்டை மேலே போனது, சுத்தமான உறுமல். ஐம்பது நல்லது. எழுபத்தைந்தும் நல்லது. பட்டைகள் நறநறவென்றன, ஷெட்டின் தகரமெல்லாம் அதிர்ந்தது, எதிர்க் கடை டீ மாஸ்டர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பெட்ரோல் சரியாக இருக்கிறது, அழுத்தம் இறங்கவில்லை. இதுவே போதுமே என்று தோன்றியது அவளுக்கு. நாளைக்கு எதிரில் நிற்கப் போவது பொள்ளாச்சிக்காரர்களின் நீலக் கார். எழுபத்தைந்தோடு ஓடினால் அதோடு சமம், ஒரு மூக்கு முன்னே பின்னே. நூறோடு ஓடினால் அதைத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. போன வருஷம் புல்லில் நின்ற காரைச் சுற்றி நின்று, "நைட்ரஸ் விளையாட்டுச் சாமான் இல்லீங்" என்று புத்தி சொன்னவர்கள் அவர்கள்தான். சென்னியப்பன் அதை ஒரு வருஷமாக மென்றுகொண்டிருக்கிறான், அவனுக்கு நூறுதான் வேண்டும்.

நூறு. தீப்பொறி இன்னும் கொஞ்சம் பின்னால். சாக்கில் இன்னும் கொஞ்சம் தண்ணீர். அவள் கண்ணை மூடிக்கொண்டாள், காதால் கேட்கும்போது கண் இடைஞ்சல். உறுமல் ஏறுகிறது, டொக், மேலே, இன்னும் மேலே, ஒரு பெரிய துணியை யாரோ நிறுத்தாமல் கிழித்துக்கொண்டே போகிற மாதிரி, நாலாயிரம், ஐயாயிரம் இருக்கும், அங்கே, அங்கேதான், துணிக்கு அடியில், கடுகு. ஒரே ஒரு கடுகு. அவள் கை தானாகப் போய்ச் சிவப்புப் பொத்தானை அடித்தது. எல்லாம் அடங்கியது. உருளை மட்டும் வெகுநேரம் சுற்றிக்கொண்டிருந்தது.

சென்னியப்பன் தலையை வெளியே நீட்டினான். "என்னாச்சு?"

"தட்டுச்சுங்க."

"எங்க?"

"அஞ்சாயிரத்துகிட்ட. ஒருதரம்."

அவன் இறங்கி வந்து லேப்டாப்பைப் பார்த்தான். சென்சார் கோடு ஏரித் தண்ணீர் மாதிரி கிடந்தது. பெட்ரோல் அழுத்தம் சீர். கலவை சீர். அவன் விரலை ஐயாயிரத்தில் வைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்தான். "ஒண்ணுமே இல்லையே கண்ணு." குரலில் கோபம் இல்லை, அது இன்னும் மோசம். "பிளக்கக் கழட்டிப் பாத்தரலாம்" என்று அவனே சொன்னான். சூடு ஆறட்டும் என்று காத்திருந்து நாலு பிளக்கையும் கழற்றி வெள்ளைத் துணி மேல் வைத்தார்கள். லென்ஸ் வழியாக ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தட்டியிருந்தால் பீங்கான் மேல் பொடிப்பொடியாகப் புள்ளி இருக்கும், மிளகுப்பொடி தூவின மாதிரி, சில சமயம் அலுமினியம் உருகின மினுக்கு. ஒன்றுமில்லை. பீங்கான் அப்போதுதான் வாங்கின சாமிபடம் போலச் சுத்தமாக இருந்தது. மூன்றாவதை மட்டும் இன்னொரு தரம் பார்த்தாள். இன்னுமொரு தரம். அவன் பார்க்காத மாதிரி டீ வாங்கப் போனான்.

கேட்டது நிஜம். நிஜம்தானா. கேட்டபோது முதலில் கை போனதா, முதலில் காது கேட்டதா. காது கேட்டுத்தான் கை போயிருக்க வேண்டும், ஆனால் இப்போது நினைத்துப் பார்த்தால் கை ஏற்கனவே பொத்தானுக்குப் பக்கத்தில்தான் இருந்தது, ஐம்பதிலும் எழுபத்தைந்திலும் கை மடியில் இருந்தது, நூறில் மட்டும் பொத்தானுக்குப் பக்கத்தில் ஏன் போய் உட்கார்ந்தது. முன்கூட்டியே போய் உட்கார்ந்த கைக்கு ஒரு காரணம் வேண்டும், காது கொடுத்துவிட்டது. அப்படியும் இருக்கலாம். இத்தனை வருஷம் எந்த எஞ்சின் என்ன சொன்னாலும் அவள் காதுக்கும் அவளுக்கும் நடுவில் யாரும் இருந்ததில்லை. போன வருஷத்துக்கு அப்புறம் நடுவில் ஒரு ஆள் வந்து உட்கார்ந்துகொண்டு மொழிபெயர்த்துச் சொல்கிற மாதிரி இருக்கிறது. மிக்ஸி ஓடினால்கூட அந்த ஆள் ஏதோ சொல்கிறான். பஸ் ஏறினால் டிரைவர் கியர் மாற்றுகிற இடமெல்லாம் காது போய் நிற்கிறது. நூறு டப்பாவையும் எழுபத்தைந்து டப்பாவையும் அவள் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஜெட் மேல் எண் பொடியாக வெட்டியிருக்கும், லென்ஸ் இல்லாமல் அவனுக்குத் தெரியாது, நாற்பது தாண்டியதிலிருந்து ஊசியில் நூல்கூடக் கோக்க வராது. எழுபத்தைந்தைப் போட்டுவிட்டு நூறு என்று சொன்னால் முடிந்தது. நாளைக்கு ஓடுவான், ஜெயித்தால் ஜெயிப்பான், தோற்றால் பொள்ளாச்சிக்காரன் இன்னும் பெரிசு போட்டிருக்கிறான் என்று சொல்லிக்கொள்ளலாம், வீட்டுக்கு வந்து சாப்பிடுவான், ஷேவ் செய்வான். நினைக்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது. அந்தச் சுலபம்தான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஏனென்றால் அவன் ஒருநாளும் டப்பாவைப் பார்த்ததில்லை. என்ன போட்டிருக்கிறாய் என்று கேட்பான், அவள் சொல்வாள், அந்த எண்ணை நம்பித்தான் கால் முழுசாக ஆக்சிலரேட்டரில் இறங்கும். நாளைக்கு ஒரு பொய்யை வைத்தால் அது நாளையோடு போகாது. அதற்கப்புறம் அவள் சொல்கிற ஒவ்வொரு எண்ணுக்கு அடியிலும் அந்தப் பொய் தேங்கிக் கிடக்கும், குழாய் வளைவில் பெட்ரோல் மாதிரி. எப்போது நெருப்பு பின்வாங்கி அங்கே வரும் என்று யாருக்குத் தெரியும்.

டீ வந்தது. அவனுடைய டம்ளரை அவன் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். அவள் துணி மேல் இருந்த பிளக்குகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஏங்க, எனக்குக் கேட்டுச்சு. ஆனா அது எஞ்சின்ல கேட்டுச்சா, என்ற தலைக்குள்ள கேட்டுச்சான்னு எனக்கே தெரியல. இந்த ஒரு வருஷமா இப்படித்தான் இருக்குது. உங்ககிட்டச் சொல்லல."

சென்னியப்பன் டீயை ஒரு வாய் குடித்தான். அவன் ஆறுதல் சொல்லுவான் என்று பயந்தாள், ஆறுதல் சொன்னால் அழுதுவிடுவோம் என்று இருந்தது. அவன் ஆறுதல் சொல்லவில்லை. எஞ்சின் பிரச்சினையை யோசிக்கிற முகத்தோடுதான் யோசித்தான். "அப்ப ஆளை மாத்திப் பாக்கலாம்" என்றான். "நீ உள்ள உக்காரு. நான் ஹெட்போன் போட்டுக்கறேன். ரெண்டு பேருக்கும் ஒரே எடத்துல கேட்டா எஞ்சின். இல்லைன்னா இல்ல."

அது நியாயமாகத்தான் இருந்தது. ஒரு மீட்டரின் மேல் சந்தேகம் வந்தால் இன்னொரு மீட்டரை வைத்துப் பார்ப்பதில்லையா. பிளக்குகளைத் திரும்ப முடுக்கினாள். நூறு ஜெட் இருந்த இடத்திலேயே இருந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கெட் சீட்டில் இறங்கியபோது அவன் முதுகின் பள்ளம் அவளுக்குப் பெரிசாக இருந்தது, அவன் வாசனை இருந்தது, வியர்வையும் கிரீஸும். பெல்ட்டைக் குறுக்கே போட்டு இறுக்கினான். பின்னால், தலைக்கு ஓரடி தூரத்தில் பாட்டில். ஈரச் சாக்கிலிருந்து சொட்டுகிற சத்தம் கேட்டது. ஊரில் இருக்கிற பாதி ரேஸ் கார் அவள் கைபட்டது, ஒன்றிலும் ஓட்டுகிற சீட்டில் அவள் உட்கார்ந்ததில்லை. ஏன் உட்காரவில்லை. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லையே. கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஷெட் வேறு மாதிரி இருந்தது. அவள் பெஞ்சு, அவள் ஸ்டூல், அதில் சென்னியப்பன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பெரியவர்கள் பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்த மாதிரி அசௌகரியமாக உட்கார்ந்திருந்தான். அவன் கையை ஆட்டினான். அவள் கியர் போட்டாள். இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. பயம் வரும் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள், வரப்போகிற ஒரம்பரை ஆட்களுக்கு வாசலில் காத்திருக்கிற மாதிரி. இனி மிதிக்க வேண்டும். பாதத்தை முழுசாக இறக்கினாள்.

நின்ற இடத்திலேயே கார் கீழே உட்கார்ந்து எழுந்தது. சத்தம் வெளியிலிருந்து வரவில்லை, முதுகெலும்பு வழியாக வந்தது, பற்களில் வந்தது. டொக். அந்த டொக்கை அவள் ஆயிரம் தரம் வெளியிலிருந்து கேட்டிருக்கிறாள், உள்ளே அது ஒரு கை, இடுப்புக்குக் கீழே வைத்து ஒரே தள்ளு. மீட்டர் முள் ஏறுகிறது என்பதல்ல, முள் ஏற்கனவே அங்கே இருக்கிறது, கண்தான் பின்னால் ஓடுகிறது. நாலாயிரம். மகள் இல்லை, பொள்ளாச்சி இல்லை, புருவத்துத் தழும்பு இல்லை, கேட்க ஒன்றுமே இல்லை, கேட்கிற ஆளும் இல்லை, ஐயாயிரம், பாதம் மட்டும் இருக்கிறது, பாதத்துக்கு அடியில் இன்னும் ஒரு நூலிழை இடம் இருக்கிறது, அதையும் அழுத்தினாள். இதுவா. இதற்காகத்தானா. இதை ஏன் எனக்கு யாரும் சொல்லவில்லை என்று ஒரு கோபம் வந்தது, கோபமா சந்தோஷமா, அதற்குள் எல்லாம் அறுந்து எஞ்சின் செத்தது. அவன் பொத்தானை அடித்துவிட்டான்.

அவள் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு வெளியே வருவதற்குள் வாய் பேச ஆரம்பித்திருந்தது. "ஏங்க நிறுத்தினீங்க? இன்னும் மேல போயிருக்கும்."

சென்னியப்பன் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினான். முகம் வெளுத்திருந்தது. "கேட்டுச்சு" என்றான்.

"அஞ்சாயிரத்துலயா?"

"எல்லா எடத்துலயும்."

"எல்லா எடத்துலயும்னா?"

"நீ கியர் போட்டதுல இருந்து கேட்டுட்டே இருந்துச்சு."

அவள் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். சென்சார் கோடு அதே ஏரித் தண்ணீர். கலவை சுத்தம். "கேஸ் திறக்கறதுக்கு முன்னாடியே கேட்டுச்சா?" என்று கேட்டாள். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது. கேஸ் இல்லாமல், கால் மிதிக்காமல், மூன்றாவது கியரில் சும்மா உருண்டுகொண்டிருக்கிற எஞ்சின் தட்டாது. தட்ட வழியே இல்லை. அது அவனுக்கும் தெரியும்.

"ஆமா" என்றான் அவன். ஸ்டூலை விட்டு எழுந்திருக்கப் பார்த்து, திரும்ப உட்கார்ந்தான். உள்ளங்கையைப் பேண்ட்டில் துடைத்தான். "நீ உள்ள இருந்தே. பின்னால அந்தப் பாட்டில். நான் என்ன பண்றதுன்னு தெரியாம அந்தப் பொத்தானையே பாத்துட்டு இருந்தேன்." ஹெட்போனைக் கழற்றிப் பெஞ்சில் வைத்துவிட்டு, "எப்படி நின்னே நீ இத்தனை வருஷமா?" என்றான்.

இந்தக் கேள்வியை அவன் என்றைக்காவது கேட்பான் என்று அவள் எதிர்பார்த்ததில்லை, அதனால் பதில் எதுவும் சேர்த்து வைத்திருக்கவில்லை. "லேப்டாப்பப் பாக்கணுமில்லீங்க" என்றாள். "வேலை இருந்துச்சு." சொன்ன பிறகு அது உண்மைதான் என்று பட்டது. அவள் பாதம் இன்னும் பெடலைத் தேடித் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. எஞ்சினில் ஒன்றும் இல்லை. நூறு நன்றாக இருக்கிறது. எதுவும் தட்டவில்லை, போன ஓட்டத்திலும் தட்டியிருக்காது, கடுகு அவள் வைத்திருந்த கடுகு. "நூறே போடலாமுங்க" என்றாள். "சுத்தமா இருக்குது."

"வேண்டாம்."

"ஏன்? நீங்கதான நூறு வேணும்னீங்க?"

"வேண்டாம் கண்ணு" என்றான். பாட்டிலின் பக்கம் பார்த்தான். "நாளைக்குப் பத்து மணிக்கு மேலதான் நம்ம முறை வரும். வெயில் ஏறியிருக்கும். அங்க சாக்கு நனைச்சுட்டே இருக்க முடியுமா?" அது சரியான காரணம். அந்தச் சரியான காரணத்துக்குப் பின்னால் இருந்ததும் அவளுக்குத் தெரிந்தது, அதையும் அவள் மறுக்கவில்லை. எழுபத்தைந்து என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவள் பாட்டிலை மூடி, குழாயில் மிச்சமிருந்ததை வெளியே விட்டாள். வெள்ளைப் புகை ஒரு சீறல் சீறிக் கலைந்தது. ஸ்பேனரை எடுத்துப் பானெட்டுக்கு அடியில் குனிந்தாள். அவன் பக்கத்தில் வந்து டார்ச் பிடித்தான். முதல் நாசில், இரண்டாவது. சூடான அலுமினியத்தின் மேல் கை படாமல் ஜெட்டைக் கழற்றுவதற்கு ஒரு கோணம் இருக்கிறது, அந்தக் கோணத்தில் அவன் டார்ச் வெளிச்சம் தவறாமல் விழுந்தது. நாளைக்கு எழுபத்தைந்தோடு அந்த நீலக் காரை ஜெயிக்க முடியுமா என்று அவள் யோசித்தாள். ஒரு மூக்கு முன்னேயோ பின்னேயோ. கிளட்சை எங்கே விடுவது, இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு எப்போது போவது. யோசித்துக்கொண்டே போனபோதுதான் அந்த யோசனையில் சீட்டில் உட்கார்ந்திருப்பது தான் என்று கவனித்தாள்.

மூன்றாவது நாசிலில் சென்னியப்பன் பேசினான். "பந்தயத்துக்கு முந்தி ரெண்டு சோதனை ஓட்டம் குடுப்பாங்க. ஒண்ணு நீ ஓட்டறியா?"

அவள் ஸ்பேனரை நிறுத்தவில்லை. "கேஸோடயா?"

"கேஸோடதான்."

"நீங்க கோட்டுகிட்ட நிப்பீங்களா?"

டார்ச் வெளிச்சம் கொஞ்சம் ஆடி, பழைய இடத்துக்கு வந்தது. அவன் நிஜமாகவே யோசித்தான் என்பது அவன் மூச்சில் தெரிந்தது. எதிர்க் கடையில் யாரோ வடை வேகுமா வேகாதா என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நிக்கறேன்" என்றான். "ஆனா அந்த ஹெட்போன் மட்டும் எனக்கு வேண்டாம்."

ஓடுதளத்தில் ஹெட்போன் கிடையாது, அங்கே வெறும் காதுதான் என்பதை அவள் அவனிடம் சொல்லவில்லை. நாலாவது நாசிலுக்குக் கையை நீட்டினாள்.